வானத்து அப்பாருக்குச் சங்கடம்

வருஷத்துல ஒரு நாள் எங்க மொட்டை மாடில ஒரு துணி காயாதுங்க. திருப்பூர்க்காரங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும். பனியனும் ஜட்டியும் தைக்கற ஊர்ல கொடிக்கயிறு காலியாக் கெடந்தா, கம்பெனி நொடிச்சுப் போச்சுன்னு பேச ஆரம்பிச்சிருவாங்க. எங்களையும் பேசினாங்க. எதுத்த ஷெட்டுக்காரரு எங்கூட்டுக்காரரைத் தனியாக் கூப்ட்டு, "ஏனுங்க, ஆர்டரு ஒண்ணும் இல்லீங்களா, நம்மகிட்டச் சொல்றதுக்கென்னங்க"ன்னு துக்கம் விசாரிக்கற மாதிரிக் கேட்டாராம். இவரு சிரிச்சுட்டு வந்துட்டாரு. என்னன்னு சொல்றது? சீனத்துச் சாமிக்குப் பொறந்த நாளுங்கன்னா நம்புவாங்களா?

அத்தனைக்கும் காரணம் ஒரு பொம்பளை. மலேசியாவுல பினாங்குக்காரங்க. பேரு போட மாட்டேன். "என்கிட்டக் கேட்டியா"ன்னு ஒரு வார்த்தை கேப்பாங்க. எங்களுக்கெல்லாம் அவங்க பினாங்கு அக்கா. அவங்க அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னைக்கு எங்க மாடில நடந்த கூத்துதான் இந்த ஒரு நாளுக்கு மூலம். அதுக்கு முன்னாடி அவங்க எப்படிப்பட்ட ஆளுன்னு சொல்லிடறேன், இல்லைன்னா ஒண்ணும் வெளங்காது.

வெளிநாட்டுக் கடைக்காரங்களுக்காக நம்ம சரக்கைப் புரட்டிப் பாத்து, இது கப்பல் ஏறலாம், இது ஏறக் கூடாதுன்னு சொல்றது அவங்க வேலை. பொறப்புல சீனத்தி. ஆனா பினாங்குல சுத்தியும் தமிழ்க் குடும்பங்க இருந்த தெருவுல வளந்ததால தமிழ் தண்ணியா வரும். காலைல பாத்தா "பசியாறிட்டியா தங்கச்சி"ம்பாங்க. ஒவ்வொரு பேச்சுக்கும் வாலு மாதிரி ஒரு "லா" ஒட்டிக்கும். எங்க தையல் லைன்ல இருந்த ஒடிசாப் புள்ளைக தமிழ் கத்துக்கிட்டதே அவங்ககிட்டத்தான். அதுக அந்த "லா"வும் தமிழ்தான்னு நெனச்சுக்கிச்சுக. இன்னைக்கும் எங்க கம்பெனில "நூலு தீந்து போச்சு லா"ன்னு சத்தம் கேக்கும்.

குட்டை முடி, கழுத்துல இஞ்ச் டேப்பு, கையில சுடுதண்ணி பிளாஸ்க். வெள்ளைச் சரக்கு பாக்கற அன்னைக்கு வெள்ளைக் கையுறை. டீ குடிக்க மாட்டாங்க. "சரக்கு பாக்க வந்த எடத்துல வாய் நனைக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டு அந்தச் சுடுதண்ணியை ஊத்திக் குடிப்பாங்க. குழந்தைக ஜட்டி பனியன்ல எல்லா சைஸும் ஒரே மாதிரிப் பாப்பாங்க, ரெண்டு மூணு வயசு சைஸை மட்டும் கடைசில எடுப்பாங்க. கழுத்தை இழுத்துப் பாக்கறதுகூட மெதுவா இருக்கும். அது அவங்க பழக்கம்னு நானும் விட்டுட்டேன்.

எங்க யூனிட்டுக்கு மேல மாடி ஓரத்துல ஒரு ரூம், அதுலதான் குடி இருந்தாங்க. ஆறு மாசத்துக்குன்னு வந்தவங்க, வருஷக்கணக்காத் தங்கிட்டாங்க. வந்த புதுசுல அவங்க ரூம்ல பல்பு போயிருச்சு. நான் கீழயே இருக்கறேன், தெனமும் பாக்கறேன், ஒரு வார்த்தை சொல்லலை. வாட்ச்மேன்கிட்டச் சொல்லியிருக்காங்க, அவரு மறந்துட்டாரு. இருட்டுலயே உக்காந்து சாப்ட்டிருக்காங்க. தெரிஞ்சதும் எனக்குக் கோவமான கோவம். "ஏனுங்க்கா, எங்கிட்டச் சொல்றதுக்கென்ன"ன்னேன். "நீ ஓனர். ஒரு பல்புக்கு ஓனரைக் கூப்பிடுவாங்களா"ன்னு என்னையத் திருப்பிக் கேட்டாங்க. அதாங்க அவங்க. எதுக்கு யாருகிட்டப் போகணுமோ அவங்ககிட்டத்தான் போவாங்க. ஒரு படி தாண்ட மாட்டாங்க.

மனுசங்ககிட்ட மட்டுமில்ல, சாமிககிட்டயும் அப்படித்தான். வந்த மொத வாரமே, "இந்த ஏரியாவுக்கு யாரு"ன்னாங்க. போலீஸ் ஸ்டேஷனைக் கேக்கறாங்களாக்கும்னு நெனச்சேன். அப்புறம் புரிஞ்சு, பக்கத்துக் கருப்பராயன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். பூவும் பழமும் வெச்சுட்டு, கை கூப்பி, "நான் பினாங்குலேர்ந்து வந்திருக்கேன், இன்ன கம்பெனில சரக்கு செக் பண்ற வேலை, மேல் ரூம்ல தங்கப் போறேன், உங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன்"னாங்க. அவ்வளவுதான், ஒண்ணும் வேண்டிக்கலை. பூசாரி அசந்துட்டாரு. அத்தனை வருஷத்துல கருப்பராயன்கிட்ட ஒண்ணுமே கேக்காமப் போன மொத ஆளு இவங்கதான்னு பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருந்தாரு.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் இல்ல. கட்டிங் டேபிள்ல சும்மா உக்காந்திருந்தோம். "உங்களுக்கு யாருங்க்கா சாமி"ன்னு கேட்டேன். டேபிள்லயே சாக்பீஸ்ல வரைஞ்சு காட்டினாங்க. உச்சில மூணு பேரு. அவங்க ஆதியிலேர்ந்து இருக்கறவங்க, சுத்தமானவங்க, ஆனா எதுலயும் தலையிட மாட்டாங்க. "சேர்மன் மாதிரி, ஆபீஸுக்கு வர மாட்டாங்க"ன்னாங்க. அதுக்குக் கீழ ஒருத்தரு. வானம் பூமி அத்தனையும் நடத்தறவரு அவருதான். மழைக்கு ஒரு ஆபீஸரு, கடலுக்கு ஒரு அம்மா, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு காவக்காரரு, எல்லாரும் அவருக்குக் கீழ. அவங்க பாஷைல அவரைக் கூப்பிடற பேருக்கு வானத்துத் தாத்தான்னு அர்த்தமாம். பின்னால போன்ல தேடிப் பாத்தேன், சீனாவுல தாவோ மதத்துக்காரங்களோட ஜேட் பேரரசர்னு போட்டிருந்தது, கிரீடத்துல முத்து தொங்கத் தொங்கப் படமும் இருந்தது. நாங்க தாத்தாவை அப்பாருன்னுதான் சொல்லுவோம். அதனால எங்க கம்பெனில அவரு வானத்து அப்பாரு ஆயிட்டாரு. அக்காவுக்கு அந்தப் பேரு பிடிச்சிருந்தது. "அப்பாரு, அப்பாரு"ன்னு ரெண்டு தரம் சொல்லிப் பாத்துக்கிட்டாங்க.

"எங்க கருப்பராயன் எங்கீங்க்கா வருவாரு"ன்னேன். கீழ ஒரு கட்டம் போட்டு, "பிராஞ்ச்"ன்னாங்க.

எனக்கு இது நொம்பப் பிடிச்சுப் போச்சு. ஏன்னா நாங்கெல்லாம் ஆடிட்லயே பொழப்பு நடத்தறவங்க. சரக்கு வாங்கற பையர் நேர்ல வர மாட்டாரு, ஆளு அனுப்புவாரு. வந்தவரு பாத்துட்டுப் போய் ரிப்போர்ட் குடுப்பாரு. அப்பாரும் அப்படித்தானாம். ஒவ்வொரு ஊட்டுலயும் அடுப்புக்கு ஒரு சாமி இருக்குது. அது வருஷம் பூரா அங்கயே உக்காந்து எல்லாத்தையும் பாத்துட்டு, அவங்க புது வருஷத்துக்கு ஒரு வாரம் முன்னாடி மேல போய், இந்த ஊட்டுல இன்னது நடந்ததுன்னு அப்பாருகிட்ட ஒப்பிக்குமாம். அதனால அது கெளம்பற அன்னைக்கு அது வாயில இனிப்பு தடவி உடுவாங்க. அக்கா ரூம்ல கேஸ் அடுப்புக்கு மேல ஒட்டியிருந்த சிகப்புக் காயிதப் படத்துல, எங்கூட்டு அச்சு வெல்லத்தைக் காச்சித் தடவினதை நான் கண்ணால பாத்தேன்.

உடுவனா நானு? "ஏனுங்க்கா, நான் ஆடிட்டருக்கு ஒரு பிரியாணி வாங்கிக் குடுத்தா மூஞ்சியைத் தூக்கறீங்க, நீங்க மட்டும் வெல்லம் தடவலாமா"ன்னேன். அவங்க அசரலை. "பொய் சொல்லச் சொல்லலை லா. வாய் ஒட்டிக்கிட்டா சுருக்கமாப் பேசுவார். அப்பாருக்கு நேரம் மிச்சம்"னாங்க.

நான் அவங்களுக்கு நேர் எதிரு. எனக்கு ஒண்ணு வேணும்னா கேட்டுருவேன், எல்லார்கிட்டயும் கேட்டுருவேன். ஒரு தடவை பெரிய மோட்டார் பொகஞ்சு போய், ஒரு வாரம் மிஷின் ஓடலை. மருதமலைக்கு வேண்டி, மாரியம்மனுக்கு வேண்டி, கருப்பராயனுக்கு வேண்டி, பக்கத்துல எலாஸ்டிக் போடற பாய் ஊட்டம்மா சொன்னாங்கன்னு தர்காவுக்கும் போய் வந்தேன். அக்கா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "ஒரே வேலையை இத்தனை டிபார்ட்மெண்டுக்கு அனுப்பினா யாரு பண்ணுவாங்க? அவர் பாப்பார்னு இவர் விட்டுடுவார்." நான் அவங்களைக் கேட்டேன், நீங்க அப்பாருகிட்ட என்னதாங்க்கா கேப்பீங்கன்னு. "கேக்க மாட்டேன். அவர் பொறந்த நாளைக்கு நன்றி சொல்லுவோம். கேக்கறதெல்லாம் கீழயே முடிச்சுக்கணும்"னாங்க.

எங்கூட்டுக்காரரு ஒருக்கா அவங்ககிட்ட நல்லா மாட்டிக்கிட்டாரு. ஒரு ஆர்டருக்கு நாலு நாள் தவணை வேணும். அக்காகிட்டக் கேட்டா முடியாதும்பாங்கன்னு, இவரு நேரா ஹாங்காங்ல இருந்த அவங்க பெரிய பாஸுக்கே போன் போட்டுட்டாரு. பாஸும் சரின்னுட்டாரு. அக்கா சத்தம் போடலை. மறுநாள் வந்து, "கெடச்சுதா"ன்னாங்க. இவரு பல்லைக் காட்டினாரு. "சந்தோசம். நாளைக்கு நெசமாவே பெரிசா ஒண்ணு வேணும்னா அவர்கிட்ட எந்த முகத்தோட போவீங்க"ன்னு கேட்டுட்டு வேலையைப் பாக்கப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு வாரம் அவருகிட்டப் பேசலை. எனக்குமே அன்னைக்கு அவங்களைப் பாக்க ஒரு மாதிரியா இருந்தது. இவ்வளவு பெரிய விஷயமா இதுன்னு தோணுச்சு.

அப்பாரு பொறந்த நாளு அவங்க புது வருஷத்துல ஒன்பதாம் நாளு. எல்லா வருஷமும் அந்தச் சமயத்துல அக்கா பினாங்கு போயிருவாங்க. அங்க அவங்க அம்மாதான் படையல் வெப்பாங்க. கொரோனா மொத அலை ஓஞ்சு கம்பெனிக மறுபடி ஓட ஆரம்பிச்ச வருஷம், பிளேன்ல எடம் கெடைக்கலை. கெடச்சாலும் போய் எறங்கினதும் ரெண்டு வாரம் ரூம்ல போட்டு அடைச்சிருவாங்க. சரி, இங்கயே இருந்துக்கறேன்னுட்டாங்க. அப்பப் பாத்துத்தான் அவங்க அம்மாவுக்கு நெஞ்சுல அடைப்பு. ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு டாக்டர் நாள் குறிச்சது, நேரா அந்த ஒன்பதாம் நாள் காலைல.

அந்தம்மா ஆஸ்பத்திரிக் கட்டில்லேர்ந்து போன்ல பேசினாங்க. ஸ்பீக்கர்ல நானும் கேட்டேன். பாஷை புரியலை, ஆனா குரலு நல்லா கணீர்னு இருந்தது. அக்கா அப்புறம் சொன்னாங்க. "அம்மாவுக்கு ஆபரேஷன் பயம் இல்ல. இந்த வருஷம் படையல் விட்டுப் போயிடுமேன்னுதான் பயம். நீ அங்கேயே வை, எங்க வெச்சாலும் வானம் ஒண்ணுதானேங்கறாங்க." அவங்களுக்கு அப்பா இல்ல, கூடப் பொறந்தவங்க இல்ல, இருந்தது அந்த ஒரு அம்மாதான். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்.

படையலுக்குக் கரும்பு வேணும், அதுவும் சோகை இலையோட முழுக் கரும்பு. எப்பவோ ஒரு காலத்துல அவங்க சனம் பட்டாளத்துக்குப் பயந்து கரும்புக் காட்டுல ஒளிஞ்சிருந்து, ஒன்பதாம் நாள்தான் உசுரோட வெளிய வந்துச்சாம். பொங்கல் முடிஞ்சு போச்சு, மார்க்கெட்ல கரும்பு இல்ல. அக்கா எங்கிட்டக் கேக்கலை. "இப்ப இங்க கரும்பு எந்தப் பக்கம் வெளையும்"னு ஊர் விவரம் விசாரிக்கற மாதிரி விசாரிச்சாங்க. எனக்குப் பொறந்த ஊரு கொமரலிங்கம், அமராவதித் தண்ணில எங்கண்ணன் ஆலைக்குக் கரும்பு போடறவன். போன் போட்டேன், வேரோட ரெண்டு கரும்பைப் புடுங்கி, உடுமலைப் பக்கமிருந்து வந்த டெம்போல போட்டு அனுப்பினான்.

எட்டாம் நாள் எங்களுக்குச் சோதனை. அதுவரைக்கும் மத்த கம்பெனிகளுக்குத் தெச்சுக் குடுத்த நாங்க மொதமொதலா நேரா எடுத்த எக்ஸ்போர்ட் ஆர்டரு, குழந்தைக ஜட்டி, வெள்ளை. அக்கா வந்து பெட்டியைப் பிரிச்சுப் பாத்து, மிஷின் எண்ணெய்க் கறை இருக்குதுன்னு மொத்த லாட்டையும் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. மேல் ரூம்ல குடியிருக்கறவங்க, தங்கச்சின்னு கூப்பிடறவங்க, அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க, அத்தனைக்கும் நடுவுல எங்க சரக்கு ரிஜெக்ட். எங்கூட்டுக்காரரு மூஞ்சி செத்துப் போச்சு. மறுநாள் சாயங்காலம் திரும்பப் பாப்பேன், அதுக்குள்ள சுத்தம் பண்ணி வெய்யிங்கன்னாங்க. எல்லாத்தையும் தொவைச்சோம். வாஷிங் யூனிட்ல டிரையர் ரிப்பேரு. வேற வழி? மொட்டை மாடில இருந்த கயிறு பத்தாம புதுசா வேற கயிறு கட்டி, அத்தனை ஜட்டியையும் காயப் போட்டோம். மாடியே தெரியலை. அக்கா அந்நேரம் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு, பச்சரிசி மாவுல பீட்ரூட் சாறு ஊத்தி, பாசிப்பருப்புப் பூரணம் வெச்சு, ஆமை ஓடு மாதிரிக் கொழுக்கட்டை புடிச்சுட்டிருந்தாங்க.

விடியறதுக்கு முன்னாடி, மாடிப்படில சத்தம் கேட்டு வந்து பாத்தேன். அக்கா குளிச்சு, புதுத் துணி போட்டு, ஒரு ஸ்டூலைத் தலைல வெச்சு, கரும்பைத் தோள்ல சாச்சுக்கிட்டு மேலேர்ந்து எறங்கி வர்றாங்க. "மேலதானுங்க்கா வெக்கறதாச் சொன்னீங்க"ன்னேன். "அங்க சரிப்படாது. வேற எடம் பாக்கறேன்"னுட்டு ரோட்டுல நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. படில வெச்சிருந்த கொழுக்கட்டைத் தட்டை நான் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே போனேன்.

பக்கத்து எலாஸ்டிக் பாய் ஷெட்டு முன்னால நின்னாங்க. நிமிந்து பாத்தாங்க. நகந்துட்டாங்க. அதுக்கடுத்த காம்பவுண்டு, நின்னாங்க, பாத்தாங்க, நகந்துட்டாங்க. மூலையில ஒரு காலி சைட்டு இருக்குது, அங்க போய் நின்னு பாத்தா, வேலியில யாரோ ஒரு முள்ளு உடாம ஜட்டி காயப் போட்டு வெச்சிருக்காங்க. அங்கதான் நான் புடிச்சு நிறுத்திக் கேட்டேன். மென்னு முழுங்கிச் சொன்னாங்க. அப்பாரு பொறந்த நாள் அன்னைக்கு உள்ளாடை எதுவும் வானம் பாக்கக் காயக் கூடாதாம். அதுவும் பொம்பளைக உள்ளாடை இருந்தா அவருக்குப் பெரிய அவமரியாதையாம்.

எனக்கு வந்த சிரிப்புக்கு அளவில்லீங்க. ஜட்டி இல்லாத வானத்தைத் தேடிக்கிட்டு திருப்பூர்ல தெருத் தெருவா அலையறாங்க ஒரு பொம்பளை. வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். அக்காவும் சிரிச்சாங்க, ஆனா கண்ணுல தண்ணி நின்னுச்சு. "விடியப் போகுது, அங்க நமக்கு முன்னாடியே விடிஞ்சிரும், அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போயிருப்பாங்க லா"ன்னாங்க. என் சிரிப்பு அப்படியே நின்னு போச்சு.

"நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னங்க்கா?"

"எப்படிச் சொல்றது? ரிஜெக்ட் பண்ணினது நான். நான் பண்ணினதாலதான் நீ காயப் போட்டே. இன்னைக்கு உனக்குச் சரக்கு போகணும். என் வீட்டு விஷயத்துக்கு அதை எடுக்கச் சொன்னா முறையா?"

அடக் கெரகமே. தட்டை அவங்க கையில குடுத்துட்டு ஓடினேன். ஹாஸ்டல்ல தூங்கிட்டிருந்த ஒடிசாப் புள்ளைகளை எழுப்பி மாடிக்கு ஏத்தினேன். எங்கூட்டுக்காரரு லுங்கியை இறுக்கிக்கிட்டு ஓடி வந்து, "ஈரத்தோட அள்ளிக் குமிச்சா வாடை அடிக்கும், சாயங்காலம் அவங்களே மறுபடி ரிஜெக்ட் பண்ணுவாங்க"ன்னாரு. "பண்ணட்டும், நீங்க அந்தப் பக்கத்துக் கயித்தை அவுருங்க"ன்னேன். என்னைய ஒரு பார்வை பாத்துட்டு அவுத்தாரு. அந்த மனுசனைப் பத்தி ஆயிரம் குறை சொல்லுவேன், அன்னைக்கு அவுத்தாரு. பாய் தொழுகை முடிச்சு வந்துட்டிருந்தவரு, கீழேயிருந்தே என்னங்கம்மா சங்கதின்னாரு. சொன்னேன். கொஞ்சம் யோசிச்சு, "மேலேர்ந்து பாத்தா எங்க மாடியும் தெரியுமில்லீங்க"ன்னு சொல்லிட்டு, அவரு ஊட்டுக் கொடியையும் எடுக்கச் சொல்லப் போயிட்டாரு.

கெழக்கு வெளுக்கறதுக்குள்ள ரெண்டு மாடியும் சுத்தமாயிருச்சு. பெஞ்சு மேல ஸ்டூலை ஏத்தி, சிகப்புத் துணி விரிச்சு, கரும்பை ரெண்டு பக்கமும் கட்டினோம். கொழுக்கட்டை, பழம், மூணு கிண்ணத்துல டீத்தண்ணி. அக்கா மூணு ஊதுபத்தியை நெத்திக்கு நேராப் புடிச்சுக்கிட்டு, மண்டி போட்டு, அவங்க பாஷைல மெதுவாப் பேசினாங்க. நாங்கெல்லாம் பின்னால நின்னோம். முடிச்சுட்டு எந்திரிச்சாங்க.

"அம்மாவுக்கு நல்லாக் கேட்டுட்டீங்களா"ன்னேன்.

"கேக்கலை. இத்தனை வருஷம் அம்மாவைக் குடுத்ததுக்கு நன்றி சொன்னேன்."

எனக்குக் கோவம் ஏறிப் போச்சு. "என்னங்க்கா பேசறீங்க? அங்க அவங்களைக் கத்தி வெச்சு அறுத்துட்டு இருக்காங்க. இன்னைக்குக் கேக்காம என்னைக்குக் கேப்பீங்க? இதைவிடப் பெருசு என்ன இருக்குது உங்களுக்கு?"

அக்கா ஊதுபத்தியைச் சொருகிட்டு நிதானமாச் சொன்னாங்க. "ஒரு தடவை கேட்டிருக்கேன் தங்கச்சி. என் பையனுக்குக் காய்ச்சல். மூணு வயசு. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு, யாரையும் கேக்காம, நேரா அவர்கிட்டயே கேட்டேன். அவரால முடியலை. மறுபடி போய்க் கேட்டா அவருக்குச் சங்கடமா இருக்காதா?"

அவங்களுக்கு ஒரு பையன் இருந்தான்னு அந்த நிமிஷம்தாங்க எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் கூட இருந்திருக்கேன். அந்த ரெண்டு மூணு வயசு சைஸை அவங்க ஏன் கடைசில எடுத்தாங்கன்னு அப்பத்தான் ஒறைச்சது. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு, அழுதா வாயடைச்சுப் போயிருமேன்னு ஊதுபத்திக் கட்டுலேர்ந்து மூணை உருவிப் பத்த வெச்சேன்.

"எனக்கு ஒரு சங்கடமும் இல்ல. நான் கேக்கறேன்."

தடுப்பாங்கன்னு நெனச்சேன். தடுக்கலை. பக்கத்துல வந்து நின்னு, "பேரு சொல்லு, ஊரு சொல்லு, விலாசம் சொல்லு. இல்லைன்னா யாரு கேட்டதுன்னு தெரியாது"ன்னாங்க.

"தமிழ்ல சொன்னா அவருக்குப் புரியுங்களா?"

"மாத்திக் குடுக்க ஆள் வெச்சிருப்பார் லா."

சொன்னேன். என் பேரு, எங்கூட்டுக்காரரு பேரு, முதலிபாளையம், ஷெட்டு நம்பரு, ஜட்டிக் கம்பெனின்னு மறைக்காமச் சொன்னேன். "சாமி, உங்களுக்கும் எனக்கும் இதுக்கு முன்னாடி பழக்கமில்லீங்க. இந்தக்கா வாயைத் தொறந்து கேக்க மாட்டாங்க, அதனால நான் கேக்கறனுங்க. இவங்க அம்மாவைப் பொழைக்க வெச்சுக் குடுங்க. வயசானவங்கதானன்னு உட்டராதீங்க. இவங்களுக்கு வேற ஆளு இல்லீங்க"ன்னேன். ஒடிசாப் புள்ளைகளும் கும்பிட்டுச்சுக. எங்கூட்டுக்காரரு லுங்கியோடயே கும்பிட்டாரு.

மத்தியானம் ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்தது. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, அம்மா கண் முழிச்சுட்டாங்க, படையல் வெச்சீங்களான்னு கேட்டாங்களாம். நான் புள்ளைகளோட சேந்து குதிச்சேன். அக்கா சுடுதண்ணி குடிச்சு, மூஞ்சியைக் கழுவிட்டு, கையுறையை மாட்டிக்கிட்டு வந்தாங்க. ஃபேன் போட்டு உள்ளயே காய வெச்ச ஜட்டிகளை ஒண்ணொண்ணாப் புரட்டி, அன்னைக்கும் ஒரு கை நெறைய எடுத்து ஒதுக்கிப் போட்டுட்டுத்தான் மிச்சத்துக்குச் சரி சொன்னாங்க. போகும்போது எங்கிட்ட, "மாட்டிக்கிட்டே தங்கச்சி. கேட்டது நீ. வருஷா வருஷம் நன்றி நீதான் சொல்லணும்"னாங்க.

வெளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன். பிளேன் ஓட ஆரம்பிச்சதும் அம்மாகூடவே இருக்கப் போறேன்னு பினாங்குக்கே போயிட்டாங்க. அன்னைலேர்ந்து ஒவ்வொரு வருஷமும் அந்தம்மா தேதி பாத்துச் சொல்ல, அக்கா அதை வாட்சப்ல அனுப்புவாங்க. நானும் மாடியைக் காலி பண்ணிட்டு, எனக்குத் தெரிஞ்ச தமிழ்ல நன்றி சொல்லிட்டு வர்றேன். கொழுக்கட்டை மட்டும் ஆமை மாதிரி வர மாட்டேங்குது.

இந்த வருஷம் அவங்க புது வருஷம் பொறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னால போன் பண்ணினாங்க. அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க. நான் ஒரு தடவைகூட நேர்ல பாக்காத மனுஷிக்காக உக்காந்து அழுதேன். அக்கா அழலை. நான் அழுது முடிக்கற வரைக்கும் லைன்லயே இருந்தாங்க. அப்புறம், "ஒன்பதாம் நாள் நீ வைப்பே இல்ல"ன்னு கேட்டாங்க.

"இனி எதுக்குங்க்கா? அம்மாவே போயிட்டாங்களே."

"நீ கேட்டதைக் குடுத்தாரில்ல. இத்தனை நாள் விட்டு வெச்சாரில்ல." அதோட நிறுத்தலை. "எனக்கு இந்த வருஷம் தீட்டு. நான் அவர் முன்னால நிக்கக் கூடாது. அதனால உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன்."

அவங்க வாயிலேர்ந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்ல. சொல்லுங்க்கான்னேன்.

"என் பையனை மூணு வருஷம் எனக்குக் குடுத்தார். அதுக்கு நான் இன்னும் நன்றி சொல்லலை. அவருக்குச் சங்கடம்னு சொன்னதெல்லாம் சும்மா தங்கச்சி. எனக்குக் கோவம். நீ எனக்காகச் சொல்லிடு."

பையன் பேரைக் கேட்டேன். சொன்னாங்க. எனக்கு வாயில வரலை. திரும்பத் திரும்பச் சொல்ல வெச்சு, சரியா வர்ற வரைக்கும் விடலை.

ஒன்பதாம் நாள் விடிகாலைல மாடில நின்னு, மொதல்ல அந்தம்மாவை இத்தனை நாள் விட்டு வெச்சதுக்கு அப்பாருக்கு நன்றி சொன்னேன். அப்புறம் பையன் பேரைச் சொல்லி, "இவனை மூணு வருஷம் குடுத்ததுக்கு இவங்கம்மா நன்றி சொல்லச் சொன்னாங்க"ன்னேன். பத்தியைச் சொருகப் போனவ, மனசு கேக்காமத் திரும்பி நின்னு, "கோவம் இன்னும் கொஞ்சம் இருக்குமுங்க சாமி, நீங்கதான் பொறுத்துக்கணும்"னு நானாச் சேத்துச் சொல்லிட்டு வந்தேன்.